ரி.ரி.சி. தடுப்பூசிக் கொள்கை: நீதிமன்றம் தீர்ப்பளிக்காத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ரி.ரி.சி.யின் ஊழியர்களுக்குக் கோவிட் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்ட விவகாரம் ஓய்ந்து சில ஆண்டுகள் ஆகியும், ரொறன்ரோத் தமிழர் மத்தியில் அதைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. "நிர்வாகம் செய்தது சரி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்பது ஒன்று. "கடைசியில் ஆட்களைத் திருப்பி எடுத்தார்கள்தானே, அப்படியென்றால் யூனியன் வென்றதுதானே" என்பது மற்றது. இரண்டும் பிழை. ஸ்காபரோவில் பஸ் சாரதிகளாகவும் கராஜ் ஊழியர்களாகவும் நிலையப் பணியாளர்களாகவும் எத்தனையோ தமிழர் வேலை செய்கிறார்கள். இன்னொரு நிறுவனத்தில் இன்னொரு காரணத்துக்காக இப்படியொரு கொள்கை நாளைக்கே வரலாம் என்பதால், நடந்ததைச் சரியான வரிசையில் எழுதுகிறோம்.

முதலில் எங்கள் நிலைப்பாடு. தடுப்பூசி போடுவது நல்லது என்பதே எங்கள் கருத்து. 2021இல் இறந்தவர்களின் கணக்கைப் பார்த்த எவருக்கும் அதில் ஐயம் இருக்க நியாயமில்லை. போட மறுத்தவரை வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கலாமா, ஒதுக்கி வைத்தவரை ஐந்தாறு கிழமைக்குள் ஒரேயடியாக வெளியேற்றலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததால்தான் இவ்வளவு சத்தம்.

ரி.ரி.சி. தன் கொள்கையை 2021 ஓகஸ்டில் அறிவித்தது. ஊழியர்கள் தங்கள் தடுப்பூசி நிலையை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒக்ரோபர் 30க்குள் இரண்டு டோசும் போட்டிருக்க வேண்டும். பிறகு அந்தத் திகதி நவம்பர் 20க்குத் தள்ளிப்போனது. அதற்கும் இணங்காதவர்கள் நவம்பர் 21 முதல் சம்பளமில்லாமல் வீட்டில் நிற்க, டிசம்பர் 31வரை இணங்கியிராதவர்கள் வேலையிழந்தார்கள். அப்படி வேலை போனவர்கள் ஏறத்தாழ 350 பேர். பதினையாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் இது சின்ன எண்ணிக்கை என்று சொல்வோர் உண்டு. வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்தவருக்கு அந்தச் சதவீதக் கணக்கால் ஆறுதல் வரப்போவதில்லை.

சாரதிகளையும் பராமரிப்பு ஊழியர்களையும் பிரதிநிதித்துவம் செய்யும் யூனியனான ஏ.ரி.யு. 113ஆவது கிளை தொடக்கத்தில் ஒரு பெரிய பிழை விட்டது. தடுப்பூசி நிலையை நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. தனியுரிமை என்ற வாதம் வெறும் சாக்கு அல்ல. உடல்நிலைத் தகவலை முதலாளி எங்கே வைக்கிறார், யார் பார்க்கிறார், எப்போது அழிக்கிறார் என்று கேட்க யூனியனுக்கு முழு உரிமை உண்டு. கேட்ட விதம்தான் பிழை. கனடாவின் தொழிற்சட்டத்தில் பழைய விதி ஒன்று இருக்கிறது: உத்தரவு பிழையென்று பட்டாலும் முதலில் அதற்கு இணங்கு, பிறகு முறைப்பாடு செய். உயிருக்கு ஆபத்தான வேலை, சட்டவிரோதமான செயல் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. யூனியனும் நிர்வாகமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து ஓர் உத்தரவை மறுத்தால், அதைச் சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று நிர்வாகம் வாதிடலாம். ரி.ரி.சி. ஊழியர்களுக்கோ 2011இல் ஒன்ராறியோ அரசு கொண்டுவந்த சட்டத்தால் வேலைநிறுத்த உரிமையே அப்போது இருக்கவில்லை. அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல் நீதிமன்றம் சொன்னது 2023 மே மாதத்தில்தான். விவகாரம் தொழிலுறவுச் சபை வரை போய், ஒக்ரோபரில் யூனியன் தன் அறிவுறுத்தலை மாற்றிக்கொண்டது. இதற்கிடையில் வீணாய்ப் போன கிழமைகள் விலக்குக் கோருவதற்கான வைத்தியக் கடிதங்களைத் தயாரித்திருக்க வேண்டிய கிழமைகள்.

அடுத்து யூனியன் போன இடம் ஒன்ராறியோ மேல் நீதிமன்றம். கேட்டது இடைக்காலத் தடை: நடுவர் முன்னிலையில் வழக்கு முடியும் வரை கொள்கையை நிறுத்தி வையுங்கள் என்று. 2021 நவம்பர் 20ஆம் திகதி, கெடு முடிந்த அதே நாளில், நீதிபதி ஜாஸ்மின் அக்பரலி அதை நிராகரித்தார். "கோர்ட் சொல்லிவிட்டது" என்ற கதை இங்கேதான் பிறந்தது. இடைக்காலத் தடைக்கு மூன்று கேள்விகள் உண்டு. விசாரிக்கத்தக்க வழக்கு இருக்கிறதா, தடை கொடுக்காவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாத இழப்பு வருமா, தடையால் யாருக்குக் கூடுதல் பாதிப்பு. யூனியன் விழுந்தது இரண்டாவது கேள்வியில். கொள்கை எவருக்கும் பலவந்தமாக ஊசி போடவில்லை, ஊசியையும் வருமானத்தையும் இரு பக்கமும் வைத்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்கிறது. வருமானம் போனால் அது பணம், பணத்தைப் பின்னர் நடுவர் திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம் என்பது நீதிபதியின் தர்க்கம். மூன்றாவது கேள்வியும் பொதுச் சுகாதாரத்தின் பக்கமே சாய்ந்தது. கொள்கை கூட்டு ஒப்பந்தத்தின்படி நியாயமானதா என்ற மூலக் கேள்விக்கு அந்த நீதிமன்றம் இறுதி விடை சொல்லவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் அல்ல. யூனியன் உள்ள வேலையிடத்தில் ஒப்பந்தத் தகராறு நடுவரிடம்தான் போக வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் வெபர் வழக்கில் உறுதிப்படுத்திவிட்டது. தனியாக வக்கீல் பிடித்து நிர்வாகத்தின்மேல் வழக்குப் போடப் புறப்பட்ட சிலர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது அதனால்தான்.

நடுவர் எதை வைத்து அளப்பார்? 1965இல் ஒன்ராறியோவில் கே.வி.பி. என்ற காகிதக் கம்பனி வழக்கில் வகுக்கப்பட்ட ஆறு நிபந்தனைகளே இன்றும் அளவுகோல். நிர்வாகம் யூனியனின் சம்மதமில்லாமல் தானாக ஒரு விதியைக் கொண்டுவந்தால், அது கூட்டு ஒப்பந்தத்தோடு முரண்படக்கூடாது, நியாயமற்றதாக இருக்கக்கூடாது, ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும், அமுலாக்கும் முன்பே ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும், மீறினால் வேலை போகலாம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், வந்த நாள் முதல் எல்லோருக்கும் ஒரேமாதிரி அமுலாக வேண்டும். இந்த ஆறில் நாலு வெறும் நடைமுறை. ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்த எந்த மனிதவளப் பிரிவும் அவற்றைத் தாண்டிவிடும். சண்டை முதல் இரண்டில்தான். அதிலும் "நியாயம்" என்ற சொல்லில். 2013இல் ஏர்விங் காகித ஆலை வழக்கில், ஊழியர்களை எழுந்தமானமாகப் பிடித்து மதுச் சோதனை செய்யும் விதியை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆபத்தான வேலையிடம் என்று சொன்னால் மட்டும் போதாது, அங்கே உண்மையில் பிரச்சினை இருந்ததற்குச் சான்று வேண்டும், ஊழியரின் அந்தரங்கத்தோடு அதை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றது.

நிர்வாகத்தின் கையிலும் வலுவான சட்டம் இருந்தது. ஒன்ராறியோவின் தொழிற்பாதுகாப்புச் சட்டம், 25ஆம் பிரிவில், சூழ்நிலைக்கு நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையையும் எடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. பஸ்ஸை வீட்டிலிருந்து ஓட்ட முடியாது. ஒரு சாரதி எழுந்த ஆசனத்தில் அடுத்த நிமிடம் மற்றவர் உட்காருகிறார். டிவிசனில், அதாவது சாரதிகளின் பணிமனையில், எல்லோரும் ஒரே சாப்பாட்டு அறைக்குள் நெருங்கி இருக்கிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடி முன்னாலிருந்து இருமுபவரைத் தடுக்கும். காற்றோட்டத்துக்கு அது மருந்தல்ல.

யூனியன் பக்கத்தின் நல்ல வாதம் பயணிகளிடம் இருந்தது. 2021 செப்டம்பர் 22 முதல் ஒன்ராறியோவில் உணவகத்துக்குள் இருந்து சாப்பிடவும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகவும் தடுப்பூசிச் சான்று கேட்டார்கள். பஸ்ஸில் ஏற எவரும் கேட்கவில்லை, முகக்கவசம் போதும். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கானோர் சான்றில்லாமல் ஏறி இறங்கும் வண்டியில், சாரதி ஒருவருக்கு மட்டும் சான்று எதற்கு என்பது வெறும் குதர்க்கமல்ல. ஆனால் முதலாளியின் கடமை முதலில் தன் ஊழியர்களுக்கே. பயணிகளுக்கு விதி வகுப்பது மாகாணத்தின் கையில். ஒரு நடுவர் இந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டு கடந்து போக அதுவே காரணமாகலாம்.

சோதனைதான் நிஜமான மாற்று வழி. நியூ யோர்க் நகரப் போக்குவரத்து நிறுவனமான எம்.ரி.ஏ. 2021இல் தன் ஊழியர்களுக்குத் தடுப்பூசி அல்லது வாராந்தச் சோதனை என்ற வழியை எடுத்தது. கொரோனாவின் முதல் அலைகளில் 150க்கும் மேற்பட்ட ஊழியரைப் பறிகொடுத்த நிறுவனம் அது; ஆகவே அசட்டையால் அப்படிச் செய்தது என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே அது ஏன் கஷ்டம் என்பதற்கு நிர்வாகம் சொல்லக்கூடிய காரணங்களும் உண்டு. சாரதிகளில் ஒரு பகுதியினர் டிவிசனுக்கு வராமலே வீதியோரத்திலோ சுரங்க ரயில் நிலையத்திலோ வண்டியைப் பொறுப்பேற்கிறார்கள். விடிய நாலு மணிக்கு அங்கே நின்று யார் சோதனையைக் கண்காணிப்பது? விரைவுச் சோதனை தொற்றின் முதல் ஓரிரு நாட்களில் தவறவிடும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை போதாது. முடிவுக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். அந்த நிமிடங்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது, சோதனைப் பொருளின் செலவு யாருடையது, கோடு இரண்டாக வந்தால் அன்றைய ஓட்டத்தை யார் ஓடுவது? எல்லாம் பதில் உள்ள கேள்விகள். அந்தப் பதில்களை எழுத்தில், விலையோடும் ஆளணியோடும், செப்டம்பரிலேயே மேசைமேல் வைத்திருந்தால் நடுவரிடம் யூனியனின் கை ஓங்கியிருக்கும். "சொல்லாதே" என்ற அறிவுறுத்தலின் இடத்தில் இருந்திருக்க வேண்டிய தாள் அது.

மற்ற வழக்குகளில் நடுவர்கள் சொன்னதைப் பார்த்தால் படம் தெளிவாகும். 2021 நவம்பரில், ஒரே கிழமையில், இரண்டு முடிவுகள் எதிரெதிராக வந்தன. பரகன் என்ற காவல் சேவைக் கம்பனியின் கட்டாயக் கொள்கை நியாயம் என்று ஒரு நடுவர் சொன்னார். அந்த ஒப்பந்தத்தில் தடுப்பூசி பற்றி ஏற்கெனவே ஒரு பிரிவு இருந்தது, காவலர்கள் போய் நிற்பதும் மற்றவர்களின் வளாகங்களில். மின் பாதுகாப்பு அதிகாரசபை வழக்கில் நடுவர் ஜோன் ஸ்டவுட் மாறாகச் சொன்னார்: இங்கே பெரும்பாலானோர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், தடுப்பூசி அல்லது சோதனை என்ற முந்தைய ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கைவிடக் காரணம் காட்டவில்லை. முடிவைத் தீர்மானித்தது வேலையிடத்தின் தன்மையே. வட்ஸ்அப்பில் யூனியனுக்குச் சாதகமான முடிவை மட்டும் அனுப்பி மகிழ்ந்தவர்களும் பாதகமானதை மட்டும் அனுப்பி மிரட்டியவர்களும் இதைச் சொல்லவேயில்லை.

வேலைநீக்கம் பற்றிய முடிவுகள்தான் எங்களுக்கு முக்கியம். 2022 பெப்ரவரியில் சார்ட்வெல் முதியோர் இல்ல வழக்கு. நோய் பரவினால் உயிர்போகும் முதியவர்கள் இருக்கும் இடம். இருந்தும் இணங்காதவரைத் தன்னியல்பாக வேலைநீக்கம் செய்யும் பகுதி நியாயமற்றது என்று தீர்ந்தது. 2022 ஓகஸ்டில் ரொறன்ரோத் தீயணைப்பு வீரர்கள் வழக்கு. நடுவர் டெரிக் ரொஜர்ஸ் நகரசபையின் கொள்கையை நியாயம் என்றே ஏற்றார். சம்பளமில்லாமல் வேலைக்கு வெளியே நிறுத்துவதும் சரி என்றார். அதை ஒழுக்காற்று நடவடிக்கையாக்கித் தண்டிப்பதும் வேலையை விட்டே நீக்குவதும் நியாயமல்ல என்றார். ரி.ரி.சி. அதே நகரசபையின் நிறுவனம், கொள்கையும் கிட்டத்தட்ட அதே காலத்தது. ஒன்றின் தீர்ப்பு மற்றதைக் கட்டாது. ஆனாலும் கண்ணுக்கு முன்னால் இருந்த உதாரணம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். வேலைநீக்கத் திகதி டிசம்பர் 31. ஒமிக்ரோன் ஒன்ராறியோவெங்கும் பரவியது அதே மாதத்தில். இரண்டு டோஸ் தொற்றைத் தடுக்கும் வலு குறைந்துபோனதால்தான் மாகாணம் டிசம்பர் 20 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மூன்றாவது டோசைத் திறந்தது. கடுமையான நோயிலிருந்து இரண்டு டோஸ் தொடர்ந்து காத்தது உண்மை. ஆனால் கொள்கையின் வாதம் சக ஊழியருக்குப் பரவாமல் தடுப்பது. ஸ்டெலாண்டிஸ் கார் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் நடுவர் மரிலின் நேர்ன் இதையே பிடித்தார்: இரண்டு டோஸ் விதி தொடக்கத்தில் நியாயம், 2022 ஜூன் 25க்குப் பிறகு நியாயமல்ல. ஒரு விதி ஒரு நாள் நியாயமாக இருந்து பிறகு அப்படியில்லாமல் போகலாம் என்றால், மாறக்கூடிய நிலைமைக்குத் திருப்ப முடியாத தண்டனை எதற்கு? லீவில் நிற்பவரை ஒரு தொலைபேசி அழைப்பில் கூப்பிடலாம். நீக்கியவரின் இடத்துக்குப் புதியவரைப் பயிற்றுவிக்க வேண்டும், அவர் சேவை மூப்பின் அடியில் போய் நிற்க வேண்டும், அதுவரை ஓட்டங்கள் வெட்டப்படும். 2021 நவம்பர் 21 முதல் பல பஸ் வழித்தடங்களிலும் 1ஆம் இலக்கச் சுரங்க ரயிலிலும் சேவை குறைக்கப்பட்டதைக் குளிரில் நின்ற பயணிகள் அறிவார்கள். ரி.ரி.சி. 2022 நவம்பர் 27இல் கொள்கையைக் கைவிட்டு, நீக்கியவர்கள் திரும்பி வரும் வழியைத் திறந்தது. யூனியன் வென்றதாக அதற்குப் பொருளில்லை. கொள்கையை நிர்வாகமே எடுத்துக்கொண்டது. இடையில் போன ஒரு வருடச் சம்பளம் அந்த அறிவிப்பால் தானாக வந்துவிடாது.

இனி, தாள்கள். இத்தகைய கொள்கை வந்தால் தனி ஊழியர் செய்ய வேண்டியது பெரிய வீரமல்ல, கடதாசி வேலை. முறைப்பாட்டுக்கு, அதாவது நாம் கிரீவன்ஸ் என்று சொல்வதற்கு, ஒப்பந்தத்தில் காலக்கெடு இருக்கும். அது கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். யூனியன் எல்லோருக்குமாகப் பொது முறைப்பாடு போட்டிருந்தாலும், உங்கள் விலக்குக் கோரிக்கை மறுக்கப்பட்டிருந்தால் உங்கள் பெயரில் தனியாக ஒன்று போடும்படி ஸ்டூவர்ட்டிடம், அதாவது வேலையிடத்து யூனியன் பிரதிநிதியிடம், எழுத்தில் கேளுங்கள். யூனியன் ஒவ்வொரு முறைப்பாட்டையும் நடுவரிடம் கொண்டுபோகக் கடமைப்பட்டதல்ல; தான்தோன்றித்தனமாகவோ பாரபட்சமாகவோ கெட்ட எண்ணத்தோடோ கைவிட்டால் மட்டும் தொழிலுறவுச் சட்டத்தின் 74ஆம் பிரிவின் கீழ் சபையிடம் போகலாம்.

வைத்திய விலக்கு மிகக் குறுகியது. தடுப்பூசியின் கூறுக்குக் கடும் ஒவ்வாமை என்று அதற்கான நிபுணர் உறுதிசெய்தது, முதல் டோசுக்குப் பின் இதயத் தசை அழற்சி வந்தது என்ற மாதிரிச் சில நிலைமைகளே ஏற்கப்பட்டன. "இவருக்குத் தடுப்பூசி உகந்ததல்ல" என்று ஒரு வரியில் எழுதிய குடும்ப வைத்தியரின் கடிதங்கள் குப்பைக்குத்தான் போயின. காரணம், அது நிரந்தரமா தற்காலிகமா, எவ்வளவு காலம் என்பவை இருக்க வேண்டும். மத நம்பிக்கைக்கும் எல்லை இருந்தது: தனிப்பட்ட விருப்பமும் ஒருவரின் தனிக் கொள்கையும் மனித உரிமைச் சட்டம் காக்கும் சமய நம்பிக்கையாகாது என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2021 செப்டம்பரில் சொன்னது. உண்மையான காரணம் உள்ளவருக்கு மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் ஒரு வருடக் கெடு. இணையத்தில் இறக்கி, கையெழுத்திட்டு, மேற்பார்வையாளரின் கையில் திணிக்கப்பட்ட, ஊசியால் தீங்கு வந்தால் நீங்களே பொறுப்பு என்ற "பொறுப்பேற்பு அறிவித்தல்" தாள்களுக்கு ஒரு பெறுமதியும் இருக்கவில்லை. அவற்றை விற்றவர்களும் இருந்தார்கள் என்பது வெட்கக்கேடு.

ஈ.ஐ., அதாவது வேலையிழந்தோருக்கான மத்திய அரசின் காப்புறுதிப் பணம், விடயத்தில் ஏமாந்தவர்கள் மிகப் பலர். வேலை நின்றதற்கான காரணத்தை முதலாளி பதிவுசெய்யும் ஆர்.ஓ.ஈ. பத்திரத்தில் என்ன குறி போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கொள்கைக்கு இணங்காமல் வேலைக்கு வராதவருக்கு 'ஈ' (தானாக விலகல்) அல்லது 'என்' (லீவு), முதலாளி இடைநிறுத்தினாலோ நீக்கினாலோ 'எம்' என்று மத்திய அரசு அப்போது முதலாளிகளுக்கு அறிவுறுத்தியது. 'எம்' என்றால் நீக்கம். துர்நடத்தை என்று சேவை கனடா முடிவெடுத்தால் பணம் இல்லை. மறுபரிசீலனை கேட்க 30 நாள். ஈ.ஐ. மேன்முறையீடுகளைக் கேட்கும் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தில் 2022 டிசம்பரில் ஒரு வைத்தியசாலை ஊழியர் வென்ற செய்தி நம்மவர் குழுக்களில் காட்டுத்தீயாய்ப் பரவியது. அது மேன்முறையீட்டில் கவிழ்ந்தது பரவவில்லை. செக்கெற்றோ வழக்கில் 2023இல் மத்திய நீதிமன்றமும் மறுப்பையே உறுதிசெய்தது. கொள்கை நியாயமா என்று ஈ.ஐ. தீர்ப்பாயம் பார்க்காது, விதி தெரிந்திருந்ததா, தெரிந்தே மீறினீர்களா என்பதோடு நின்றுவிடும்.

திரும்பி வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்னும் சரிபார்க்காமல் இருந்தால் உடனே பார்க்க வேண்டியவை: சேவை மூப்புத் திகதி பழையதா புதியதா, ஓய்வூதியச் சேவையில் இடைவெளி விழுந்திருக்கிறதா, அதை வாங்கிச் சேர்க்க வழி உண்டா, வருடாந்த லீவுக் கணக்கு எந்த நாளிலிருந்து. சாரதிகள் தங்கள் ஓட்டங்களை மூப்பு வரிசையில்தான் தெரிவுசெய்கிறார்கள். மூப்பு ஒரு வருடம் சறுக்கினால் சனி ஞாயிறு ஓய்வு கைவிட்டுப் போகும். இழந்த சம்பளத்துக்கு முறைப்பாடு நிலுவையில் இருப்பவர்கள் இடையில் எங்கே வேலை செய்தார்கள், எங்கெல்லாம் விண்ணப்பித்தார்கள் என்ற பதிவை வைத்திருக்க வேண்டும். நட்டத்தைக் குறைக்க முயன்றாரா என்று நடுவர் கேட்பார். உழைத்ததைக் கழித்துவிட்டுத்தான் மீதியைக் கொடுப்பார்.

113ஆவது கிளைத் தலைமையிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த ஒப்பந்தப் பேச்சில், பொதுச் சுகாதார உத்தரவுக்கு இணங்காதவருக்கு உச்ச நடவடிக்கை சேவை மூப்பு காக்கப்பட்ட சம்பளமில்லா லீவு, உத்தரவு நீங்கியதும் பழைய டிவிசனுக்கே திரும்பும் உரிமை, மருத்துவத் தகவலை அழிக்க ஒரு திகதி என்ற மூன்றையும் ஒரு பிரிவாக எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். இவற்றில் முதலாவது, தீயணைப்பு வீரர்கள் நடுவரிடம் போய்ப் பெற்றதை ஒட்டியது. நிர்வாகமும் மறுக்க அதிகம் காரணமில்லை. சாரதி ஒருவரைப் புதிதாகப் பயிற்றுவிக்கும் செலவு அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
போக்குவரத்துத் தொழிலாளர் சிலர்,
ஸ்காபரோ.